ஊட்டி ரேஸ் கோர்ஸ்: பந்தயம் நின்ற மைதானத்துக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கவென்றே கிளம்புகிறவர்கள் பயணத் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் வருவாய்த் துறையினர் ரேஸ் கோர்ஸுக்குச் சீல் வைத்து, நிலத்தை அரசின் வசம் எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை நடக்கும் கோடைப் பந்தயம் என்று பழைய சுற்றுலாக் கையேடுகள் எழுதியிருப்பதை நம்பி வண்டி ஏறாதீர்கள்.

பிறகு எதற்கு இந்த அத்தியாயம்? ஊட்டியின் நட்டநடுவில், பேருந்து நிலையத்தை ஒட்டி, 52 ஏக்கர் சமதளம் கிடக்கிறது. மலையூரில் சமதளம் என்பது யாரோ மெனக்கெட்டு உண்டாக்கியதாகத்தான் இருக்கும். இந்த ஊர் எப்படி உருவானது, யாருக்காக உருவானது, இப்போது யார் கைக்குப் போகிறது என்பதைத் தாவரவியல் பூங்காவைவிட இந்த மைதானம் தெளிவாகச் சொல்லும் என்பது என் கருத்து. பூங்காவையும் பாருங்கள். ஆனால் இதற்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.

ஏரி கொடுத்த நிலம்

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி ஊட்டி ஏரியை உண்டாக்கினார். இன்று படகுக்கு வரிசையில் நிற்கிறோமே, அது அந்த ஏரியின் மிச்சம்தான். அன்றைய நீர்ப்பரப்பு இன்னும் கிழக்கே, ஊருக்குள் நீண்டிருந்தது. மேல்பகுதி மெல்ல மெல்லச் சேறானது, சேறு மேடானது, மேட்டை ஊர் எடுத்துக்கொண்டது. பேருந்து நிலையம், மார்க்கெட்டின் கீழ்ப்பகுதி, ரேஸ் கோர்ஸ் எல்லாம் அப்படிக் கிடைத்த நிலத்தில் நிற்பவை.

ரேஸ் கோர்ஸ் இருக்கும் பகுதிக்கு ஹோபார்ட் பார்க் என்று பெயர். 1872 முதல் 1875 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து, பதவியில் இருக்கும்போதே காலமான ஹோபார்ட் பிரபுவின் பெயர் அது. ஓடுதளம் 1886ல் வந்தது, சுற்றளவு 2.4 கிலோமீட்டர். கோடை வந்ததும் சென்னை மாகாண அரசாங்கமே கோப்புகளோடு மலையேறி வந்துவிடும் காலம் அது. அதிகாரிகள் வந்தால் அவர்களோடு கிளப், நடனம், வேட்டை, பந்தயம் எல்லாம் வரும். சென்னையில் வெயிலுக்குப் பயந்து கிண்டி ஓடுதளம் ஓய்வெடுக்கும்போது குதிரைகள் ஊட்டிக்கு வந்தன. இந்த ஏற்பாடு வெள்ளைக்காரர்கள் போன பின்னும் மாறவில்லை. பந்தயங்களை நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப் கடைசிவரை அதே நாட்காட்டியைத்தான் பின்பற்றியது.

மைதானத்தை ஒட்டிப் போகும் கோடப்பமந்து கால்வாயைக் கவனியுங்கள். அழகான காட்சி அல்ல, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கவனிக்க வேண்டியிருக்கும். ஊரின் மேட்டுப் பகுதித் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோகும் வழி அதுதான். கனமழை பெய்தால் ரேஸ் கோர்ஸ் தான் முன்பு ஏரியாக இருந்ததை மறப்பதில்லை. தாழ்வான இடங்களில் நீர் தேங்கிவிடும். இந்த நிலத்தில் கட்டடம் எழும்பக் கூடாது என்று சூழல் ஆர்வலர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

மெல்லிய காற்றில் ஓட்டம்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். படியேறும்போது உங்களுக்கு இரைக்கிறதல்லவா, அரை டன் எடையுள்ள குதிரை ஜாக்கியைச் சுமந்துகொண்டு முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் குதிரைகளை முன்கூட்டியே மலைக்குக் கொண்டுவந்து, காற்றுக்கும் குளிருக்கும் பழக்கிய பிறகு ஓடவிட்டார்கள். கிண்டியில் பளிச்சென்று ஓடிய குதிரை இங்கே கடைசி இருநூறு மீட்டரில் தள்ளாடுவதும், சமவெளியில் சுமாராக ஓடியது இங்கே முன்னே வருவதும் ரசிகர்களுக்குப் பழக்கமான கதைகள்.

இரண்டாவது எதிரி மே மாத மழை. காலையில் வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு கொட்டும். புல்தரை எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை பெனட்ரோமீட்டர் என்னும் கருவியால் அளந்து பந்தயத்துக்கு முன் அறிவிப்பது இந்தியப் பந்தயங்களில் வழக்கம். சதுப்பில் பிறந்த ஓடுதளத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். ஈரத் தரையில் கால் பதிய ஓடும் குதிரை வேறு, காய்ந்த தரையில் பறக்கும் குதிரை வேறு.

பந்தயம் நடந்த காலத்தில் இந்த மைதானத்துக்கு இருந்த தனிச்சிறப்பு, ஊர் முழுவதும் அதைச் சுற்றி இருந்ததுதான். கிண்டியில் மதிலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று சாலையில் போகிறவருக்குத் தெரியாது. இங்கே கிண்ணம் போன்ற பள்ளத்தில் ஓடுதளம். சுற்றிலும் சாலை, சரிவுகளில் வீடுகள். டிக்கெட் வாங்காமலே ஓட்டத்தைப் பார்க்கலாம். சுற்றுலா வந்த குடும்பங்களில் பாதிப் பேர் குதிரைப் பந்தயம் பார்த்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

நீலகிரியின் கோப்பைகள்

ஊட்டிப் பருவத்தின் பெரிய பந்தயங்கள் மூன்று: நீலகிரி 1000 கினீஸ், நீலகிரி 2000 கினீஸ், நீலகிரி டெர்பி. இந்த வரிசை இங்கிலாந்திலிருந்து வந்தது. நியூமார்க்கெட்டில் 2000 கினீஸ் 1809லும், 1000 கினீஸ் 1814லும் தொடங்கின. எப்சம் டெர்பி அதற்கும் முன்பு, 1780ல். உலகம் முழுவதும் 1000 கினீஸ் பெண் குதிரைகளுக்கு மட்டுமானது, நீலகிரியிலும் அப்படியே. கினீஸ் வேகத்தைச் சோதிக்கும், டெர்பி வேகத்தோடு தம் இருக்கிறதா என்று பார்க்கும். இந்த உயரத்தில் தம்தான் எல்லாம் என்பதால் ஊட்டியில் டெர்பி ஜெயிப்பதைக் குதிரைச் சொந்தக்காரர்கள் கௌரவமாக எண்ணினார்கள். பரிசுத் தொகையில் மும்பையின் இந்தியன் டெர்பிக்குக் கிட்டே வராது என்பது வேறு விஷயம்.

இவை போக, அன்றாட அட்டவணையை நிரப்பியவை ஹேண்டிகேப் பந்தயங்கள். திறமையான குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்று கட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பது இதன் கணக்கு. குதிரைகளைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் பந்தயப் புத்தகத்தில் முதலில் எடைப் பட்டியலைப் பார்க்கலாம்: மேலே இருப்பது அதிகாரிகளின் கணிப்பில் சிறந்த குதிரை. அது ஜெயிக்கும் என்று அர்த்தமில்லை. ஜெயிக்காமல் இருக்கத்தான் அவ்வளவு எடையைக் கட்டியிருக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வரும் பெயர் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி. 2015ல் மறைந்த அவர் அளவுக்குப் பெரிய பந்தயக் கோப்பைகளை வாரிக் குவித்த இந்தியர் கிடையாது. தொழில், கல்வி, அரசியல் என்று பலவற்றில் இருந்தாலும், பந்தய உலகில் மூன்று எழுத்தில் அவரைச் சொன்னால் போதும்.

வேலி தாண்டும் ஓட்டம் எங்கே?

குதிரைப் பந்தயம் என்றவுடன் சிலருக்கு நினைவுக்கு வருவது, வேலிகளையும் நீர்ப்பள்ளங்களையும் குதிரைகள் தாவிக் குதிக்கும் தொலைக்காட்சிக் காட்சி. அது லிவர்பூல் பக்கத்தில் ஏன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனலாக இருக்கும். 1839 முதல் நடப்பதாகக் கணக்கு. ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர், 30 தடைகள். அந்த முதல் ஆண்டிலேயே ஒரு தடையைத் தாண்டும்போது கேப்டன் பீச்சர் என்பவர் ஓடைக்குள் விழுந்தார். அந்தத் தடைக்கு இன்றுவரை அவர் பெயர்தான். குதிரைகள் சாவது குறித்து எழுந்த எதிர்ப்பால், 2024 முதல் 40 குதிரைகளுக்குப் பதில் 34 மட்டுமே ஓடுகின்றன.

ஊட்டி ரேஸ் கோர்ஸில் இது கிடையாது. இங்கே ஓடியது தடைகளில்லாத சமதள ஓட்டம். ஆனால் வேலி தாண்டும் பந்தயத்தின் வேர் நீலகிரியில் இன்றும் உயிரோடு இருக்கிறது, வேறோர் இடத்தில். அந்தப் பந்தயம் பிறந்ததே நரி வேட்டைக்காரர்களின் வீம்பில்தான். 1752ல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் இரண்டு பேர், ஒரு மாதா கோயில் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரம் வரை, வழியில் வேலி வந்தாலும் ஓடை வந்தாலும் நேராக ஓட்டிப் போவது என்று பந்தயம் கட்டினார்கள். வேட்டையில் பழகிய குதிரைக்குத்தான் அது முடியும்.

ஊட்டியின் வேட்டைக் கழகமான ஊட்டி ஹன்ட் 1835ல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்து நரிக்குப் பதில் இங்கே குள்ளநரி. நாய்கள் மட்டும் கப்பலில் வந்தன. ஓடிய இடம் வென்லாக் டவுன்ஸ், 1891 முதல் 1896 வரை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் கொண்ட புல்மேடுகள். இங்கிலாந்து வயல்களில் வேலிதான் தடை. இங்கே வேலி எதற்கு? செங்குத்துச் சரிவு, சோலைக் காட்டின் விளிம்பு, ஓடை, எல்லாவற்றுக்கும் மேலாக மேலே பச்சைப் புல்லாகத் தெரிந்து உள்ளே குதிரையை வயிறு வரை இழுக்கும் சதுப்பு. ஏன்ட்ரீயின் தடைகளையாவது முந்தைய நாள் நடந்து பார்த்துக்கொள்ளலாம்.

1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குள்ளநரிக்கு விடுதலை. இப்போது நாய்கள் துரத்துவது முன்கூட்டியே இழுத்துப் போட்ட வாசனைத் தடத்தை மட்டும். குதிரையில் செல்பவர்களில் வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் கல்லூரியைச் சேர்ந்தவர்களே பிரதானம். இது சுற்றுலா நிகழ்ச்சி அல்ல, டிக்கெட்டும் கிடையாது. ஆனால் ஊட்டி - கூடலூர் சாலையில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று சினிமாப் படப்பிடிப்புக்குப் பேர்போன புல்மேடுகளில் நிற்கும்போது, நீங்கள் நிற்பது பழைய வேட்டை மைதானம். பஸ்ஸிலேயே போகலாம். கற்பூர மரமும் சீகை மரமும் மேடுகளை விழுங்கிக்கொண்டு வருவதையும், மிச்சமிருக்கும் புல்வெளியில் தோடர் எருமைகள் மேய்வதையும் பார்க்கலாம். பிரபுக்களின் பெயர் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே இது அந்த எருமைகளின் இடம். ஷூ நல்லதாக இருக்கட்டும், சதுப்பைப் பற்றிச் சொன்னது குதிரைக்கு மட்டும் அல்ல.

வேட்டை நினைவுகளைச் சுவர் நிறைய வைத்திருப்பது ஊட்டி கிளப், ஸ்னூக்கர் விதிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே கிளப். உறுப்பினர் யாராவது அழைத்துப் போனால்தான் உண்டு. வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

குத்தகைக் கதை

தமிழ்நாட்டில் அரசுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் ஒத்துப்போனதே இல்லை. 1974ல் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பை அரசே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் இரண்டையும் ஏற்க மறுத்தது. குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, குதிரையின் பயிற்சியும் ஜாக்கியின் திறமையும் முடிவைத் தீர்மானிக்கும் திறமை ஆட்டம் என்பது தீர்ப்பு. இன்று கைபேசி ரம்மி வழக்குகளில்கூட இரு தரப்பும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது.

கிளப் அந்த வழக்கில் ஜெயித்தது, நில விஷயத்தில் மாட்டிக்கொண்டது. ஊட்டி நிலத்தின் குத்தகை 1978லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பந்தயம் ஓடியது. வாடகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று அரசு கணக்குக் காட்டியது. அந்தத் தொகை நியாயமா என்று வாதாடலாம். குத்தகை முடிந்த அரசு நிலத்தில் இவ்வளவு காலம் நீடித்ததை நியாயப்படுத்துவது கடினம். நீதிமன்றம் வழிவிட்டதும் 2024 ஜூலையில் நிலம் கைமாறியது. அங்கே பொதுப் பூங்கா அமைக்கும் பொறுப்பு தோட்டக்கலைத் துறைக்குப் போனது. ஏரியாக இருந்து, சேறாகி, துரைமார் விளையாடும் திடலாகி, மறுபடி தண்ணீரும் செடியுமாக ஆகப்போகும் நிலத்துக்கு, பொதுப் பூங்கா பொருத்தமான முடிவுதான் என்று நினைக்கிறேன். ஓடுதளத்தின் வளைவை மட்டும் நடைபாதையாகவாவது விட்டுவைத்தால் நல்லது.

நஷ்டம் இல்லாமலும் இல்லை. லாயக்காரர்கள், லாடம் அடிப்பவர்கள், புல் விற்றவர்கள், சீசனில் அறை வாடகைக்கு விட்டவர்கள் எல்லோருக்கும் அந்த இரண்டு மாதம் வருமானக் காலம்.

நடந்து பார்க்க

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் நண்பகல் வாக்கில் ஊட்டி சேரும். நிலையத்திலிருந்து ரேஸ் கோர்ஸ் நடக்கும் தூரமே. உள்ளே போக அனுமதி உண்டா என்பது பூங்காப் பணியைப் பொறுத்தது, வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாவிட்டாலும் ஏமாற்றம் வேண்டாம். சுற்றுச் சாலையில் ஒரு முழுச் சுற்று நடந்தாலே ஓடுதளத்தின் அளவு காலுக்குப் புரிந்துவிடும். நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். பாதி வழியில் டீயும் வர்க்கியும் கிடைக்கும். மறுநாள் ஆட்டோ பிடித்து எல்க் ஹில் முருகன் கோயிலுக்கு ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் ஊர் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் அமைப்பு விளங்கும். காலை பத்து மணிக்குள் போவது உத்தமம், மதியம் மேகம் மூடிவிடும்.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது நடைமுறையில் இருக்கிறது. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் உண்டு. அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. மே மாதம் மலர்க் கண்காட்சி நாட்களில் ஊருக்குள் காரை நிறுத்த இடம் தேடுவதைவிட, வெளியே விட்டுவிட்டுச் சுற்றுப் பேருந்தில் ஏறுவது புத்திசாலித்தனம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

படகு இல்லத்துப் பக்கம் குதிரைச் சவாரிக்குக் கூப்பிடுவார்கள். ஏறும் முன் எவ்வளவு தூரம், எவ்வளவு ரூபாய் என்று பேசிக்கொள்ளுங்கள். முதுகில் புண் உள்ள குதிரையையும் நொண்டும் குதிரையையும் தவிர்த்துவிடுங்கள். சீசன் முடிந்ததும் தீவனச் செலவுக்குப் பயந்து சில குதிரைகளைத் தெருவில் விட்டுவிடுவது ஊட்டியின் பழைய நோய். குப்பைத் தொட்டியில் தலையை விட்டு நிற்கும் குதிரையைப் பார்த்தால் அதன் கதை இதுதான்.

ஓட்டமே பார்க்க வேண்டுமென்றால்

மலையிலிருந்து பக்கத்தில் இருப்பது மைசூர். சாமுண்டி மலை அடிவாரத்தில் அழகான ஓடுதளம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை முக்கியப் பருவம், அக்டோபரில் மைசூர் டெர்பி. ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாகச் சுமார் 155 கிலோமீட்டர். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதால் பந்தயம் முடிந்த அன்றே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிண்டிக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். அங்கும் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

முதல்முறை போகிறவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் பேடாக்குக்குப் போய்விடுங்கள். குதிரைகளை மெதுவாகச் சுற்றி நடத்திக் காட்டும் இடம் அது. ஓட்டம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். குதிரையை அருகில் பார்க்கக் கிடைப்பது பேடாக்கில்தான். ஓட்டத்துக்கு முன்பே வியர்வை நுரைத்து, தலையை உதறிக்கொண்டு வரும் குதிரை பாதிச் சக்தியை அங்கேயே செலவழித்துவிட்டது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

பணம் கட்டுவதா என்பது உங்கள் விருப்பம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். 2023 அக்டோபர் முதல் பந்தயத்தில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி.; 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். கிளப்பே நடத்தும் டோட் என்ற பந்தயக் கவுண்டரில் கிளப்பின் கழிவு வேறு. 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இத்தனையையும் தாண்டி லாபம் பார்க்கிறவர்கள் யாரும் உங்களுக்கு டிப்ஸ் சொல்ல மாட்டார்கள். வாசலில் டிப்ஸ் விற்கும் ஆளிடம் வாங்குவதானால் பந்தயப் புத்தகத்தை மட்டும் வாங்குங்கள்.